செவ்வாய்க்கிழமை வருகிறவள்

வேம்பு தன் புளியந்தோப்பு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு பதுருன்னிசாவிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு ட்ரங்குப் பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பெட்டி மாத்தூர் வீட்டுக்குள் வருவதற்குள் நடந்த ரகளை கொஞ்சமில்லை. “ஒத்த ரூம் வூட்ல மூணாவது ஆளு எங்க படுக்கறது?” என்று மருமகன் தீனா கேட்டதும், மகள் கார்குழலி இரண்டு நாள் அவனுக்குச் சோறு மட்டும் போட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததும், கடைசியில் தீனாவே போய் மாமியாரின் பெட்டியைத் தோளில் வைத்து மூன்று மாடி இறக்கிக்கொண்டு வந்ததும். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் மூன்றாவது ஆள் என்று யாரும் வந்ததில்லை. அதுதான் அவனை அப்படிக் கேட்க வைத்தது என்பது கார்குழலிக்கும் தெரியும்.

வேம்புவின் புருஷன் அப்பாவு இறந்து பதினாலு மாதம். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டியவர். அவர் போன நாளிலிருந்து வேம்பு மீன் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. மகள் வீட்டிலும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தீனா சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே சொன்னான்.

“அத்தே, கெளம்புங்க. இன்னிக்கு வெளிய போய் மீனு துன்னலாம்.”

அவன் தண்டையார்பேட்டை டிப்போவில் கண்டக்டர். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தான். கார்குழலி மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரி எடை போடும் இடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு வார விடுமுறையே செவ்வாய்க்கிழமைதான்.

“இன்னாத்துக்குப் பேஜாரு?” என்றாள் வேம்பு.

“எண்ணூர் ரோட்ல ஒரு ஓட்டல் கீது அத்தே. எங்க டிப்போல பாதிப் பேரு போய்ட்டு வந்துட்டாங்க. சோக்கா கீதாம். மங்களூர் மீனு, கோவா மீனு, கேரளா மீனு, அல்லாம் ஒரே எடத்துல.”

“நம்ம காசிமேட்டு மீனுக்கு இன்னா கொற?”

“மீனு நம்ம காசிமேட்டு மீனுதான். கொழம்புதான் வேற ஊரு.”

வேம்பு சிரித்துவிட்டாள். பதினாலு மாதத்துக்கு அப்புறம் அம்மா சிரிப்பதைப் பார்த்த கார்குழலி, புருஷனின் முதுகைத் தட்டிவிட்டுப் போய்ச் சுடிதாரை மாற்றிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சுடிதார்.

* * *

ஓட்டலின் பெயர் ‘நாலு கரை’. முதல் மாடியில் இருந்தது. கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. ரோட்டைத் தாண்டிக் கருங்கல் குவியல்; அதற்கப்பால் கடல். துறைமுகத்துக்குள் போக இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் வரிசையாக நின்றன. காற்று துளிகூட வீசவில்லை. மூட்டம் போட்டிருந்த வெளிச்சத்தில் அந்தக் கப்பல்கள் தண்ணீர்மேல் நிற்கிற மாதிரியே தெரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி தொடாத வீடுகள் அந்தப் பக்கம் நிறைய. அதனால் மத்தியானம் ஒரு மணிக்கும் ஓட்டல் காலியாகக் கிடந்தது. இவர்கள் காலடிச் சத்தம் இவர்களுக்கே கேட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும். மருதாணி வைத்துச் சிவந்த தாடி. சட்டையில் ‘பஷீர்’ என்று பேட்ஜ்.

“வாங்க மேடம். இன்னிக்கு ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே?”

கார்குழலியைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள் போல என்று அவள் லேசாகத் தலையாட்டினாள்.

கடைசி மேஜைக்குக் கூட்டிப்போய், சுவரை ஒட்டிய நாற்காலியை இழுத்துவிட்டார். அதுவும் அவளுக்குத்தான்.

“சாருக்கும் அம்மாவுக்கும் இதான் மொத தடவையா?”

“மூணு பேருக்குமே மொத தடவைதான் பாய்” என்றான் தீனா.

பஷீர் அதை ஒரு தமாஷாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

தீனா மெனு கார்டைப் பஸ் ரூட் படிக்கிற மாதிரி படித்தான். மங்களூர் ரவா மீன் வறுவல். கோவா மீன் கறி. மாமியாருக்குக் காரம் ஆகாது என்று தேங்காய்ப்பால் விட்ட கேரளத்து மீன் மோலி.

மோலி வந்தது. மஞ்சள் நிறத்தில், மேலே ஒரு தக்காளித் துண்டும் கறிவேப்பிலையுமாக. வேம்பு அதைச் சந்தேகத்தோடு பார்த்தாள். “புளியே ஊத்தலையா?” என்று கேட்டுக்கொண்டே சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். வாய் நின்றது. அப்புறம் மெதுவாக மென்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

“நல்லா கீதா ம்மா?”

“நல்லாத்தான் கீது. ஆனா மீன் கொழம்பு இல்ல இது. காய்ச்சக்காரிக்குக் குடுக்கற கஞ்சி மாரி கீது.” இன்னொரு வாய் எடுத்தாள்.

தீனா சந்தோஷமாக வறுவலில் கை வைத்தான். அப்போதுதான் பஷீர் ஒரு செம்புக் கிண்ணத்தையும், துணி மடித்த மாதிரி வெள்ளை வெளேரென்ற நீர் தோசைகளையும் கொண்டுவந்து கார்குழலியின் முன்னால் வைத்தார். கிண்ணத்தில் நெய்யில் சுருண்டு சிவந்த எறா.

“இத்த நாங்க சொல்லலையே பாய்” என்றாள் அவள்.

“நீங்க சொல்லணுமா மேடம்? எப்பவும் போலத்தானே?”

“எப்பவும்னா?”

“செவ்வாய்க்கிழமை ஆனா இதானே சாப்பிடறீங்க.”

தீனாவின் கை தட்டிலேயே நின்றது.

“பாய், நீங்க வேற யாரையோ நெனச்சிகினு பேசறீங்க. நான் இந்தப் படி ஏறினதே இன்னிக்குத்தான்.”

பஷீர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தீனாவின் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்துகொண்ட மாதிரி, “மன்னிச்சிருங்க, தப்பா வெச்சுட்டேன்” என்று கிண்ணத்தை எடுக்கப் போனார். அந்தப் புரிந்துகொள்ளல்தான் தீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

“இருங்க பாய். வெச்சிட்டுப் போங்க.”

அவர் போனதும் தீனா குரலைத் தாழ்த்திக் கேட்டான். “செவ்வாய்க்கெழம உனக்கு லீவு.”

“அதுக்கு?”

“நான் டூட்டிக்குப் பூட்டா வூட்ல யாரு கீறா? நீ தூங்கறேன்னுதான் நான் நெனச்சிகினு கீறேன்.”

“தூங்கிகினுதான் யோவ் இருந்தேன்.”

“அந்த ஆளுக்கு என்னை டபாய்க்கணும்னு இன்னா வேண்டுதலா?”

கார்குழலிக்கு முகம் எரிந்தது. அம்மாவை வைத்துக்கொண்டு கேட்கிறானே என்று கோபம் வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நாற்காலியைத் தள்ளினாள்.

அப்போது தீனாவின் பார்வை கிண்ணத்தில் விழுந்தது. அவன் முகம் மாறியது. கையை உயர்த்தி பஷீரைக் கூப்பிட்டான்.

“பாய், நீங்க சொல்ற அந்த மேடம் இத்தத் துன்னுவாங்களா? கண்ணால பாத்தீங்களா?”

“ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டாங்க சார். கிண்ணத்துல இருக்கற நெய்ய தோசையால துடைச்சு எடுத்துருவாங்க.”

“எறாவ?”

“எறாதான்.”

தீனா நாற்காலியில் சாய்ந்தான். கல்யாணமான புதிதில் ஒரு ரிசப்ஷனில் தெரியாமல் ஒரு எறா வடையைக் கடித்துவிட்டு, உதடு வீங்கி மூச்சு அடைத்து, விடிய விடிய மூக்கில் குழாயோடு கார்குழலி படுத்துக்கிடந்ததை அவன் பக்கத்தில் நின்று பார்த்தவன். எறா சட்டியைக் கழுவினால்கூட அவளுக்குக் கை தடித்துவிடும்.

“அப்ப அது இவ இல்ல” என்றான் மெல்ல. “குழலி, அது நீ இல்ல.”

“அதத்தானே நான் சொல்லிகினு கீறேன்.”

“அப்ப யாரு?”

வெளியே ஒரு கப்பல் நீளமாக ஊதியது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

* * *

பஷீருக்கு இப்போது வேலை ஓடவில்லை. மேஜையின் ஓரத்தில் நின்றபடி, திரும்பத் திரும்பக் கார்குழலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஓட்டல் தொறந்து மூணு வருஷம் ஆகுது. தொறந்த மாசத்துல இருந்து செவ்வாய்க்கிழமை ரெண்டரை மணிக்கு வருவாங்க. மொதல்ல ஒரு பெரியவரோட வந்துட்டு இருந்தாங்க. அப்பா, பொண்ணு. ரொம்பப் பேச மாட்டாங்க. அவரு மீனை முள்ளு எடுத்து எடுத்து இவங்க தட்டுல வைப்பாரு, சின்னப் புள்ளைக்கு வைக்கற மாதிரி. போன வருஷத்துல இருந்து அவரு வர்றதில்ல. தவறிட்டாருன்னு சொன்னாங்க. அப்புறம் தனியாத்தான்.”

கார்குழலி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பான படம் வந்தது. மூன்றாவதாக அப்பா. துறைமுகத்தில் ரிட்டயர் ஆன அன்றைக்கு எடுத்தது. கழுத்தில் மாலை, முகத்தில் கூச்சம்.

“இவரா?”

“இவரேதான். உங்க அப்பாதானே?” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே புரியாமல் பஷீர் நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆனால் அப்பாவு பென்ஷன் சங்கத்துக் கூட்டம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்தால் சோறு வேண்டாம், சங்கத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள் என்பார். வேம்பு ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

“ஒரு நோட்டு இருக்கு” என்று பஷீர் உள்ளே போனார். பிறந்தநாள் அன்றைக்கு வருகிறவர்களுக்கு ஓட்டல் செலவில் ஒரு இனிப்பு உண்டு. அதற்காக வாடிக்கைக்காரர்கள் பெயரும் தேதியும் எழுதுகிற நோட்டு. பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார்.

அ. கார்குழலி.

நீல மையில் எழுதியிருந்தது. போன் நம்பர் எழுதும் இடம் காலி. கார்குழலி அந்தப் பெயரையே பார்த்தாள். அந்த ‘ழ’வின் வால், கீழே இறங்கி இடது பக்கமாக நீண்டு முந்தின எழுத்துக்கு அடியில் போய் நின்றது. அவளும் அப்படித்தான் எழுதுவாள். ஸ்கூலில் டீச்சர் அடித்தும் மாறாத ‘ழ’. அப்பா தன் மடியில் உட்காரவைத்து, கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த ‘ழ’.

“தேதி வேற” என்றான் தீனா, எட்டிப் பார்த்து. “உன்னுது ஆகஸ்டு எம்பத்தேழு. இது மார்ச்சு ஒம்போது, எம்பத்தாறு.”

டங்கென்று சத்தம். வேம்புவின் கையிலிருந்த டம்ளர் தட்டில் விழுந்து, தண்ணீர் மோலியோடு கலந்து ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“இன்னொரு தபா சொல்லு.”

“மார்ச்சு ஒம்போது, எம்பத்தாறு. இன்னா ஆச்சு அத்தே?”

வேம்பு முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“ம்மா, யாரும்மா அது?”

“செத்த பொண்ணு” என்றாள் வேம்பு.

* * *

“உனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு குழலி. ராயபுரத்துல ஒரு பிரசவ ஆஸ்பத்திரில. பொறக்கறப்பவே தல நெறைய முடி. உங்கப்பாதான் கார்குழலின்னு பேரு வெச்சாரு.”

“அது எம் பேரு.”

“அவ பேரு. அப்பால உனக்கு வெச்சோம்.”

கார்குழலி உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. முப்பத்தெட்டு வருடம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை யாரோ மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

“மூணாம் நாளு வூட்டுக்கு இட்டாந்தாங்க. எனக்குக் காய்ச்ச. தூக்கமே இல்ல. செவுத்துல இன்னாவோ ஓடற மாரி தெரியும். அதுக்கு மேல ஒண்ணியும் நெனப்பில்ல. எனக்கு நெனப்பு வந்தப்ப எட்டாம் நாளு. பக்கத்துல கொழந்த இல்ல. உங்கப்பா மூலைல குந்திகினு இருந்தாரு. ‘பூடுச்சு வேம்பு, மூலக்கொத்தளத்துல பொதச்சிட்டு வந்துட்டேன்’னாரு.”

“நீ பாக்கலையா?”

“காட்டலை. உனக்குத் தாங்காதுன்னாரு. ஜன்னி கண்டவன்னு ஊரே சொல்லிகினு இருந்துச்சு. நான் இன்னாத்த கேக்கறது?” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “வருசா வருசம் அந்தத் தேதிக்குப் போவேன். செவுத்தோரமா ஒரு புங்கமரம். அதுக்கடிலன்னு காட்டினாரு. ஒரு தம்ளரு பாலு ஊத்திட்டு வருவேன். இந்த மார்ச்சுலகூட ஊத்தினேன்.”

தீனாவுக்குக் கையில் ரோமம் எழுந்து நின்றது. “செத்த கொழந்த வளருமா அத்தே?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக உடனே வெட்கப்பட்டான். “எனக்கு மெர்சலா கீது. கெளம்பலாம். இன்னாவா இருந்தாலும் வூட்ல போய்ப் பேசிக்கலாம்.”

“நீ போ. நான் வரலை.”

“அத்தே.”

“மணி இன்னா?”

பஷீர்தான் பதில் சொன்னார். “ரெண்டு ஆகப்போகுதும்மா.”

“ரெண்டரைக்கு வருவான்னு சொன்னீங்களே பாய். நான் குந்திகினு கீறேன். யாரு வர்றான்னு பாக்கணும் எனக்கு.”

மேஜையைத் துடைத்தார்கள். சாப்பிடாத தட்டுகளை எடுத்துப்போனார்கள். எறாக் கிண்ணம் மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. நெய் உறைந்து ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது.

இரண்டேகாலுக்கு மூட்டம் இன்னும் இறங்கியது. கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின. கருங்கல் குவியல் மட்டும் தெரிந்தது. கீழே ரோட்டில் டிரெய்லர் லாரிகள் போகும் சத்தம் கேட்டது, லாரிகள் தெரியவில்லை.

“கை பிசுபிசுன்னு கீது” என்று கார்குழலி எழுந்தாள். உண்மையில் அவளுக்கு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை கழுவும் இடம் சமையற்கட்டுக்குப் பக்கத்தில், உள்ளே தள்ளி இருந்தது.

தீனா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தபோது அவள் வந்துகொண்டிருந்தாள்.

“இன்னா குழலி, கை கழுவ உள்ளாரப் போனவ வாச வழியா வர்ற?”

அவள் நின்றாள்.

அவனைப் பார்த்தாள். யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவளின் மூக்கு, புருவம், மேலுதட்டின் மேல் அந்த மெல்லிய கோடு. அந்த முகத்தில் அவனைத் தெரிந்த அடையாளமே இல்லை. அப்புறம்தான் உடை கண்ணில் பட்டது. காக்கி. தோளில் துணிப்பை. தபால்காரர்கள் மாட்டுகிற பை.

உள்ளே குழாய் மூடும் சத்தம் கேட்டது. மஞ்சள் சுடிதாரில், ஈரக் கையை உதறிக்கொண்டே கார்குழலி வெளியே வந்தாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். நடுவில் நாலு மேஜை தூரம்.

“நீதான் சின்னவளா?” என்றாள் காக்கிக்காரி.

* * *

கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. பெரியவளுக்கு வெயிலில் கறுத்த நெற்றி, முன்முடியில் நரை, இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு. எண்ணூரில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவள். காலை டெலிவரி முடித்துத்தான் இங்கே வருவாள். குரல் மட்டும் ஒன்றேதான். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி பேசுகிற மாதிரி தீனா திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வேம்பு எழுந்து நின்றிருந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ உசுரோட கீறியா?”

“கீறேன்.”

“மூலக்கொத்தளத்துல...”

“தெரியும். அப்பா சொன்னாரு. நீங்க பாலு ஊத்தறதும் சொன்னாரு.” அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “ரேச்சல்னு ஒரு ஆயா. நான் பொறந்த ஆஸ்பத்திரில வேல செஞ்சாங்க. புள்ள இல்லாதவங்க. அவங்ககிட்ட குடுத்துட்டாரு. எண்ணூர்லதான் வளந்தேன். அப்பா அப்பப்ப வந்து பாப்பாரு, எழுத்துகூட அவருதான் சொல்லிக்குடுத்தாரு. நீங்க செத்துட்டீங்கன்னுதான் ரொம்ப நாளு எனக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க. நீங்க உசுரோட கீறீங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு.”

“தெரிஞ்சும் வரலையா?”

அவள் தோளில் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

வேம்புவின் முகம் உடைந்தது. மேஜைமேல் இருந்த எறாக் கிண்ணத்தை எடுத்து, ஒரு நீர் தோசையைக் கிள்ளி, இரண்டு எறாவை அதில் மடித்தாள். மேஜைக்கு மேலாக நீட்டினாள்.

“துன்னும்மா. பசியோட வந்திருப்ப.”

பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“பஷீர் பாய்” என்றாள். “எனக்கு வேற பிளேட்டு கொண்டாங்க. புதுசா.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நெய் ஒரு சொட்டு மேஜைத் துணியில் விழுந்தது.

தீனாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாங்க இது? முப்பத்தொம்போது வருசம் கழிச்சிப் பெத்தவங்க கையால குடுக்கறாங்க. ஒரு வாய் வாங்கினா இன்னா கொறஞ்சி பூடும்?”

“எனக்கு அவங்க மேல கோவம் இல்லண்ணா” என்றாள் அவள். உண்மையாகவே கோபம் இல்லாத குரல். “அவங்களுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு. அப்பா எங்கிட்ட அழுதுகினேதான் சொன்னாரு. அவங்க மேல தப்பில்லன்னு நூறு தபா சொன்னாரு. ஆனா கை வாங்க மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?”

“இன்னா சொன்னாரு அப்பா?” கார்குழலி கேட்டாள்.

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள். முதல் முறையாக அந்தக் கண்ணில் ஒரு இளக்கம் வந்தது.

“உன்னச் சின்னதுல யாரு குளிப்பாட்டினது?”

“இன்னாத்துக்குக் கேக்கற?”

“சொல்லேன்.”

“அப்பாதான்.” கார்குழலிக்கு அது பெருமையான விஷயம். தெருவில் எல்லாப் பெண்களும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற விஷயம். “நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து, தூங்காம, அவருதான் கால நீட்டி குந்திகினு தண்ணி ஊத்துவாரு. நான் வளந்து நானே ஊத்திக்கிற வரைக்கும் அவருதான்.”

“அவரு ஷிப்டுக்குப் போற ராத்திரில?”

“பதுருன்னிசாக்கா வந்து எங்களோட படுத்துக்குவாங்க. எப்பவும்...”

அவள் நிறுத்தினாள். எப்பவும். ஒரு நாள்கூட விடாமல். பக்கத்திலேயே சொந்த வீடு இருக்க, அந்த அக்கா ஏன் இங்கே வந்து படுக்க வேண்டும்? ஒரு மத்தியானம், ஒரு மழை நாள், காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், அம்மாவும் தானும் மட்டும் இருந்த ஒரு பொழுதை அவள் தேடினாள். அப்பா இருந்தார். அப்பா இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். அவளும் இல்லாத நாளில் தன்னைத் துறைமுகத்துக்கே கூட்டிப்போய், கிரேனுக்குக் கீழே டைம்கீப்பரின் அறையில் உட்கார வைத்திருந்தார். கதவு திறந்தே இருந்த வீடு. தாழ்ப்பாள் இல்லாத குளியலறை.

“ம்மா?” என்றாள்.

வேம்பு மடித்த தோசையைத் தட்டில் வைத்துவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, கடல் இருந்த இடத்தில் இருந்த வெள்ளையைப் பார்த்தாள்.

“வெந்நி ஆறிப்போய்க்கினு இருந்துச்சு” என்றாள்.

ரொம்பச் சின்னக் குரல். இருபது வயதுப் பெண்ணின் குரல் போல இருந்தது.

“கொழந்தயக் குளிப்பாட்ட பெரிய குண்டான்ல வெச்சிருந்தேன். உங்கப்பா பாலு வாங்கப் போனாரு. கொழந்த அழுவுது. வெந்நி ஆறுதே, ஆறுதேன்னு நெனச்சிகினு இருந்தேன். அது வரைக்கும் நெனப்பு கீது. நேத்து வரைக்கும் அதுகூட இல்ல.”

பஷீர் புதுத் தட்டோடு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வேம்பு மெதுவாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். இப்போது அவள் கண்ணில் அழுகை இல்லை.

“எங்கிட்ட யாருமே சொல்லல. அந்த மனுசனும் சொல்லாமயே பூட்டாரு. நீயாவது சொல்லும்மா. அப்பால நான் இன்னா பண்ணேன்?”

பெரியவள் தோளிலிருந்த தபால் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, வேம்புவின் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்றேன்” என்றாள். “சின்னவள கொஞ்சம் வெளிய அனுப்புங்க.”

கார்குழலி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.